பழைய ஜீப்பில் கிரவுன் ஆயில் பார்ப்பதும் ஊற்றுவதும்

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயிலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட கிரவுனுக்கு, அதாவது ஆக்சிலின் நடுவே இருந்து சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியல் கியர்களுக்கு, காட்டுவதில்லை. அதற்கு டிப்ஸ்டிக் கிடையாது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியாது, பானெட்டைத் திறந்தால் கண்ணில் படாது. வண்டிக்கு அடியில் படுத்தால்தான் தெரியும், படுத்தால் சட்டை அழுக்காகும். ஆனால் ஜீப்பில் நாமே செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் இதைவிடச் சுலபமானது அதிகம் இல்லை. உயரமான வண்டி என்பதால் ஜாக்கிகூட வேண்டாம், அப்படியே அடியில் புகுந்துவிடலாம்.

இன்ஜின் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து குறையும். கிரவுன் ஆயில் எரிவதில்லை, அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மட்டம் பார்த்து, குறைந்ததை ஊற்றி, பிளக்கை மூடிவிட்டு எழுந்து வருவது பாதி வேலைதான். போனது எந்த வழியாகப் போனது, உள்ளே இருப்பது என்ன நிறம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி, பணத்தை மிச்சப்படுத்துவதும் அந்தப் பாதிதான்.

நான் சொல்வது அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த மஹிந்திரா ஜீப்புகளை வைத்து: சிஜே 3பி, சிஜே 340, எம்எம் 540, ஃபோர் வீல் டிரைவ் உள்ள மேஜர், கமாண்டர் போன்றவை. ஜிப்ஸி, பழைய ஆர்மடா என்று வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், பிளக் இருக்கும் இடமும் கொள்ளளவும் மட்டும் மாறும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் இந்த வேலை ஏன் முக்கியம் என்று புரியும். கிரவுன் ஹவுசிங்குக்குள், அதாவது அதன் இரும்புக் கூட்டுக்குள், ஆயிலைத் தள்ள பம்ப் எதுவும் கிடையாது. பெரிய கிரவுன் வீலின் கீழ்ப்பகுதி ஆயிலில் முங்கியிருக்கும், வண்டி ஓடும்போது அது ஆயிலை வாரி மேலே அடிக்கும், அப்படி அடிக்கும் ஆயில்தான் ஒரு வாய்க்கால் வழியாக, கிரவுன் வீலைச் சுழற்றும் சின்ன கியரான பினியனின் முன் பக்க பேரிங்குக்குப் போய்ச் சேரும். மட்டம் குறைந்தால் முதலில் காய்வது அந்த பேரிங்தான். மலையேறும்போது நிலைமை இன்னும் மோசம். பின் ஆக்சிலில் பினியன் முன்னோக்கி இருப்பதால், வண்டியின் மூக்கு மேலே தூக்கியதும் ஆயில் எல்லாம் ஹவுசிங்கின் பின்பக்கத்துக்குப் போய்விடும், அதிக பாரம் விழும் நேரத்தில் பினியனுக்கு ஆயில் குறையும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப் பாதை மாதிரி முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறும் பாதைகளில் ஓடும் வண்டிக்கு அரை லிட்டர் குறைவதும், சமவெளியில் ஓடும் வண்டிக்கு அரை லிட்டர் குறைவதும் ஒன்றல்ல. மொத்தமே ஒன்றேகால் லிட்டர்தான் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மட்டம் பார்ப்போம். வண்டி சமமான தரையில் நிற்க வேண்டும். வீட்டு வாசல் சரிவு, ரோட்டோரச் சரிவு எதுவும் ஆகாது, ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆக்சில் குழாய்க்குள் ஆயில் ஓடி மட்டம் பொய் சொல்லும். கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து ஒரு பத்து பதினைந்து நிமிடம் நிறுத்திவையுங்கள், மேலே தெறித்த ஆயில் கீழே இறங்கட்டும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு அடியில் போங்கள்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிக்கும் கியர் பெட்டி) பின்னால், ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம்மாக இருக்கும். அந்த வண்டியில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால், ஷாஃப்ட் நின்றிருந்தாலும் டிஃபரன்ஷியல் தன் வேலையைக் காட்டும்: தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறு திசையில் உருளும், வண்டி நகர்ந்துவிடும். கியரில் போட்டிருந்தாலும் இதே கதைதான். அடியில் ஆள் படுத்திருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வேலைக்கு ஜாக்கி தேவையில்லை என்பதால் போடவே போடாதீர்கள்.

பிளக் எங்கே? பின் ஆக்சிலில் ஹவுசிங்கின் பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கிய கவர் இருக்கும், அதன் நடுவிலோ சற்று மேலேயோ இருப்பது ஆயில் ஊற்றும் பிளக். முன் ஆக்சிலில் அதே கவர் முன்னோக்கி, பம்பரைப் பார்த்தபடி இருக்கும். அடியில் தனியாக டிரெயின் பிளக் சில ஹவுசிங்கில் உண்டு, சிலதில் கிடையாது. பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணை முதலில் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கழற்றினால் அந்த மண் நேராக உள்ளே போய் பேரிங்கில் உட்காரும், நல்லது செய்யப்போய் கெடுத்த மாதிரி ஆகிவிடும்.

பிளக்கில் சிலதுக்கு வெளியே நீட்டிய சதுரத் தலை, சிலதுக்கு உள்ளே சதுரக் குழி. குழியாக இருந்தால் சாக்கெட் செட்டின் ராட்செட் முனை அப்படியே பொருந்துகிறதா பாருங்கள், பொருந்தாவிட்டால் லேத் பட்டறையில் சதுரக் கம்பியில் ஒரு சாவி செய்து தருவார்கள். பைப் ரெஞ்ச் போட்டு முறுக்குவது நம் ஊர் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது, அதனால்தான் கைமாறி வரும் ஜீப்புகளில் பாதிக்குமேல் பிளக்கின் முனைகள் மழுங்கியே வருகின்றன. இறுகியிருந்தால் முந்தின நாள் ராத்திரியே டபிள்யூடி-40 அடித்து ஊற விடுங்கள், அப்புறம் சுத்தியலால் பிளக்கின் தலையில் நேராக இரண்டு தட்டு, அப்புறம் நீளமான கைப்பிடி. பெரும்பாலும் வந்துவிடும்.

பிளக் வந்ததும் சுண்டு விரலை ஓட்டைக்குள் விட்டுக் கீழ்நோக்கி மடக்கிப் பாருங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பில் ஆயில் விரலில் பட்டால் மட்டம் சரி. லேசாகக் கசிந்து வழிந்தாலும் சரிதான். விரலை முழுக்க மடக்கியும் எதுவும் படவில்லை என்றால் நிறையவே குறைந்திருக்கிறது. ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று கொட்டினால் மகிழ்ச்சி அடையாதீர்கள். ஒன்று, முன்னால் வேலை செய்தவர் வண்டி சரிவில் நிற்கும்போது அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போய் மட்டத்தை உயர்த்தியிருக்கிறது.

விரலில் ஒட்டியதைத் துடைத்துவிடாதீர்கள், வெளிச்சத்தில் பாருங்கள். தேன் நிறத்திலிருந்து கறுப்பு வரை எதுவும் இருக்கலாம், கறுத்துவிட்டது என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். கியர் ஆயிலில் சேர்க்கும் கந்தகச் சேர்மங்களால் ஒரு கெட்ட வாடை எப்போதும் இருக்கும், அதுவும் இயல்பு. தீய்ந்த வாடை அடித்தால் அது வேறு, ஆயில் இல்லாமல் ஓடிச் சூடேறியிருக்கிறது. பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதில் மேற்கொண்டு ஊற்றுவதில் பலன் இல்லை, முழுவதையும் இறக்கியே ஆக வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகளை இன்ஜின் மட்டும் பார்த்துச் சரிசெய்து விற்றிருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட கைமாறிய வண்டி வாங்கினால் முதல் வேலையாக இந்த இரண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள்.

அடுத்தது இரும்புத் தூள். விரல்களுக்கிடையே ஆயிலைத் தேய்த்தால் வழவழவென்று இருக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் கூழாக மெல்லிய தூள் இருப்பது கியர் தேய்வதன் இயல்பான விளைவு. நெருடினால், மின்னும் சில்லுகள் வந்தால், பேரிங்கோ கியர் பல்லோ உடைந்துகொண்டிருக்கிறது, கவரைத் திறந்து பார்க்காமல் ஓட்டாதீர்கள். ஒரு காந்தத் துண்டைக் கம்பியில் கட்டி ஓட்டை வழியாக அடிப்பகுதிவரை விட்டு எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் காந்தத்தை உள்ளேயே விட்டுவிடாமல் நன்றாகக் கட்டுங்கள்.

மட்டம் குறைந்திருந்தால் ஊற்றுவதற்கு முன்னால் ஒழுகிய இடத்தைத் தேடுங்கள், புது ஆயில் வழிந்துவிட்டால் அப்புறம் பழைய தடம் தெரியாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் இருக்கும் பினியன் சீல் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) ஒழுகினால் ஹவுசிங்கின் மூக்குப் பகுதி முழுக்க ஆயிலும் புழுதியும் கலந்த கறுப்புப் படலம் இருக்கும். கவர் ஓரத்தில் ஈரம் என்றால் கேஸ்கெட். பின் சக்கரத்தின் உள்பக்கம், பிரேக் தட்டின் கீழே ஆயில் வடிந்திருந்தால் ஆக்சில் சீல் போய்விட்டது, அந்த ஆயில் டிரம்முக்குள் லைனரிலும் ஊறியிருக்கும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று பிரேக்கையே திரும்பத் திரும்ப அட்ஜஸ்ட் செய்துகொண்டிருப்பவர்கள் இதை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆயிலில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடும் பழக்கம் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சீல் மாற்றுவதற்கு முன்னால் பிரீதரைப் பாருங்கள், என்னைக் கேட்டால் இந்த வேலை முழுவதிலும் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். ஆக்சில் குழாயின் மேல், சில வண்டிகளில் ஹவுசிங்கின் மேல், சின்னதாக மூடி போட்ட ஒரு குமிழ் இருக்கும். வண்டி ஓடி உள்ளே சூடாகும்போது காற்று விரிந்து அதன் வழியாக வெளியேற வேண்டும். சேறு அடைத்துவிட்டால் காற்று வேறு வழி தேடும், சீல்தான் அந்த வழி, காற்றோடு ஆயிலும் வரும். புது சீல் போட்டு மாதக்கணக்கில்கூடத் தாங்காமல் மறுபடி ஒழுகுகிறது என்றால் சீலைத் திட்டாமல் பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், மூடி கையால் சுற்றினால் சுற்ற வேண்டும், வாயால் ஊதினால் காற்று போக வேண்டும். ஆற்றில் இறங்குபவர்களுக்கு எதிர்த் திசையிலும் பிரச்சினை உண்டு. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சுருங்கும்போது வெளியே என்ன இருக்கிறதோ அதை உறிஞ்சும். அடிக்கடி தண்ணீரில் இறங்கும் வண்டி என்றால் பிரீதர் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, ரப்பர் டியூபை இன்ஜின் பக்கம் மேலே கொண்டுபோய்க் கட்டிவிடலாம், செலவு பெரிதில்லை.

இனி எந்த ஆயில் என்பது. கடையில் போய் 90 ஆயில் என்று கேட்டால் கையில் கிடைத்ததைத் தருவார்கள், ஆனால் 90 என்பது அதன் தடிமனை மட்டும்தான் சொல்கிறது. கேனின் பின்பக்கம் அதன் தர வகை ஜிஎல்-4 என்றோ ஜிஎல்-5 என்றோ எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். கிரவுனில் இருப்பது ஹைப்பாய்டு கியர், பினியனும் கிரவுன் வீலும் நடுக்கோட்டில் சந்திக்காமல் பினியன் கீழே இறங்கியிருக்கும், அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தேய்க்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும், அதற்குத்தான் ஜிஎல்-5. 80டபிள்யூ-90 ஜிஎல்-5 என்றால் நம் ஊர் வெயிலுக்கும் ஊட்டிக் குளிருக்கும் போதும். அதே கேனில் மிச்சம் இருக்கிறதே என்று கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள், பழைய கியர் பாக்ஸில் சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துபவை) பித்தளை வகை உலோகம், ஜிஎல்-5ல் இருக்கும் சில சேர்மங்கள் அதை அரிக்கக்கூடும், அதற்கு ஜிஎல்-4 தனியாக வாங்குங்கள்.

140 ஆயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறையும், உண்மைதான். தேய்ந்த கிரவுன் பினியனின் ஊளைச் சத்தத்தைக் கெட்டி ஆயில் அமுக்கும், வண்டி விற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாங்கப்போகும் ஜீப்பில் பிளக்கைத் திறந்து பார்த்தால் ஆயில் கிரீஸ் மாதிரி நகரவே மறுக்கிறது என்றால் விலையை அந்த இடத்திலேயே மறுபடி பேசுங்கள்.

ஊற்றுவதில் ஒரே சிக்கல் இடம் இல்லாமை. ஓட்டை பக்கவாட்டில் இருப்பதால் கேனைக் கவிழ்க்க முடியாது. நீண்ட மூக்கு வைத்த ஒரு லிட்டர் பாட்டில் கிடைத்தால் அதை அமுக்கி ஊற்றலாம், கையால் இழுத்துத் தள்ளும் ஆயில் பம்ப் இருந்தால் இன்னும் சுத்தம். எதுவும் இல்லையென்றால் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் டியூப், ஒரு புனல், மேலே பிடித்துக்கொள்ள ஒரு ஆள் போதும், டியூபின் ஒரு முனையை ஓட்டைக்குள் விட்டு மறு முனையைச் சக்கரத்துக்கு மேலாகத் தூக்கி மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். குளிர் நாளில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் ஆயில் இளகி வேகமாக இறங்கும். வழியத் தொடங்கியதும் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள், ஆயில் இரண்டு பக்கக் குழாய்களுக்கும் பரவிய பிறகு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். லிட்டர் கணக்கை விட ஓட்டையின் விளிம்பை நம்புங்கள். வில்லிஸ் வழி ஆக்சிலில் முன்னுக்கும் பின்னுக்கும் தலா சுமார் 1.2 லிட்டர், இரண்டுக்கும் சேர்த்து மூன்று லிட்டர் வாங்கினால் முழுவதும் மாற்றுவதற்கே போதும். விளிம்புக்கு மேல் திணிக்க முயலாதீர்கள், கூடுதல் ஆயில் போய்ச் சேரும் இடம் பிரேக் லைனர்.

முழுவதும் மாற்றுவதாக இருந்தால் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வாருங்கள், சூட்டில் அழுக்கும் சேர்ந்து இறங்கும். டிரெயின் பிளக்கைத் தொடும் முன் ஊற்றும் பிளக்கைத் திறந்துவிடுங்கள். கீழே எல்லாவற்றையும் இறக்கிய பிறகு மேல் பிளக் வராமல் போனால் காலி கிரவுனோடு வண்டி நின்றுவிடும், பட்டறைவரை ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. டிரெயின் பிளக் இல்லாத ஹவுசிங்கில் கவரைக் கழற்ற வேண்டும். மேல் போல்ட் இரண்டைத் தளர்த்தி அப்படியே விட்டு, மற்றதை எடுத்து, கவரின் கீழ் ஓரத்தில் தட்டைத் திருப்புளியால் நெம்பினால் அடியில் வழியே ஆயில் தட்டுக்கு இறங்கும், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் முகத்தில் இறங்கும். கவரைத் திறந்தது திறந்தாயிற்று, கிரவுன் வீலின் பற்களை டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். அடியில் தங்கிய கூழைத் துணியால் வழித்தெடுங்கள். சிலர் டீசல் ஊற்றிக் கழுவுவார்கள். தண்ணீர் புகுந்த வண்டிக்கு ஒரு லிட்டர் மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி இறக்குவது அதைவிட நல்லது, மூலையில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். இரண்டு பக்கமும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து மெல்லிதாக அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) பூசுங்கள். நிறையப் பூசினால் உள்பக்கம் பிதுங்கி, அந்தத் துண்டு உடைந்து ஆயில் வாய்க்காலை அடைக்கும். போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள், அனபாண்ட் இறுகுவதற்கு அதன் டியூபில் போட்டிருக்கும் நேரம் விட்டுத்தான் ஆயில் ஊற்ற வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம், கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்தால் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுவார்கள்.

பிளக்கை மூடும்போது மரையைத் துடைத்து, குழாய் வேலைக்குப் போடும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். கூம்பு மரை என்பதால் முறுக்க முறுக்க இறுகிக்கொண்டே போகும், கடைசிவரை முறுக்கினால் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடலாம். உறுதியாகப் பிடித்ததும் நிறுத்துங்கள்.

ஒரு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பிளக்கையும் கவர் ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்க வேண்டும். அதன்பின் மலையில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றத்தின்போதும் இந்த மட்டத்தையும் பார்ப்பது போதுமானது. ஹவுசிங் முங்கும் அளவுக்குத் தண்ணீரில் இறங்கினால் மட்டும் காத்திருக்காமல் அந்த வாரமே பாருங்கள்.

முன் ஆக்சிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். முன்னால் சக்கரம் திரும்பும் இடத்தில் மூடிய உருண்டை வகை நக்கிள் உள்ள ஜீப்பாக இருந்தால் ஒரு வினோதம் நடக்கும்: முன் கிரவுனில் ஆயில் குறையும், வெளியே எங்கும் ஒழுகியிருக்காது. உள்பக்க ஆக்சில் சீல் போய், ஆயில் அந்த உருண்டைக்குள் இறங்கி அங்கே இருக்கும் கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கும். வண்டி எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்த இடத்தில் நிற்கிறது என்றால் அந்தப் பக்க நக்கிள்தான் முதலில் நிறையும். உருண்டையைச் சுற்றி இருக்கும் ஃபெல்ட் வளையத்தில் கறுப்பாகத் தண்ணீர்போல் வழிகிறதா பாருங்கள், வழிந்தால் கிரீஸ் அடிப்பதில் பயன் இல்லை, சீல் மாற்ற வேண்டும்.

ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பூட்டு) உள்ள வண்டியில் ஹப்பை ஃப்ரீயில் வைத்து ஓட்டும்போது முன் கிரவுன் சுற்றுவதே இல்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் ஆயிலுக்கு மேலே இருக்கும் பேரிங்கும் பற்களும் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும், சீலின் உதடு காய்ந்துபோகும். மாதம் ஒரு தடவை இரண்டு ஹப்பையும் லாக்கில் போட்டு, லீவரை டூ வீலிலேயே விட்டு, நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஃபோர் வீல் போடாததால் தார் ரோட்டிலும் தாராளமாகச் செய்யலாம், சக்கரங்கள் உள்ளே இருப்பதையெல்லாம் சுற்றிவிட்டு ஆயிலை எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்கும். திரும்ப ஃப்ரீக்கு மாற்ற மறந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது, ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாகத் தெரியும், டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.